வீட்டுக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் ஒத்துவருமா?

முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் எல்லாருமே புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை. பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்பை சென்னை ரிச்சி தெருவிலோ, தங்கள் ஊர்க் கடையிலோ பாதிக்கும் குறைந்த விலையில் வாங்கிச் செல்பவர்கள் மிக அதிகம். படிக்கும் பிள்ளைக்கு அதுவே போதும் என்பது பெற்றோரின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் இத்தகைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் 10. இதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பதிவு செய்து கொள்ளும் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுகள் மேலும் ஓராண்டு கிடைக்கும் என்று அறிவித்தது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் சிப் என்றால் 2017ல் வெளிவந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. அதற்கு முந்தைய லேப்டாப், நன்றாக ஓடிக் கொண்டிருந்தாலும், தகுதி இல்லாததாகிவிடுகிறது.

கடைக்காரரிடம் கேட்டால், "கவலைப்படாதீங்க சார், நான் போட்டுத் தர்றேன்" என்று ஏதோ ஒரு திருட்டு விண்டோசைப் போட்டுத் தருவார். அதனுடன் என்னென்ன சேர்ந்து வருகிறது என்பது அவருக்கும் தெரியாது. அதே லேப்டாப்பில்தான் நீங்கள் பேங்க் அக்கவுண்ட்டைத் திறக்கப் போகிறீர்கள்.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் பற்றிய பேச்சு வருகிறது. "இலவசமாமே, வைரஸ் வராதாமே, ஆனால் எங்களைப் போன்றவர்களால் இயக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். அலுவலகத்தில் நாள் முழுவதும் லினக்ஸ் சர்வர்களோடு வேலை பார்ப்பவன் என்பதால் நான் கண்ணை மூடிக் கொண்டு "முடியும்" என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். சிலருக்கு இது மிகப் பொருத்தம். சிலருக்கு அறவே பொருந்தாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நீங்களே கண்டறிய இந்தக் கட்டுரை உதவும்.

லினக்ஸ் என்பது என்ன?

கம்ப்யூட்டரின் பாகங்களையும் நம் புரோகிராம்களையும் இணைத்து இயக்குவது ஆப்பரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் ஒன்று. லினக்ஸ் மற்றொன்று. 1983ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டமும், பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் எழுதிய கெர்னலும் சேர்ந்ததே இது.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்பதற்கு சமையலறை உதாரணம் போதும். கடையில் சாம்பார்ப் பொடி பாக்கெட் வாங்குகிறோம். அதில் எது எவ்வளவு என்று கம்பெனி சொல்லாது. பொடியோடு, அரைக்கும் அளவும் பக்குவமும் எழுதிய சீட்டையும் கொடுத்து, "நீங்களும் அரைக்கலாம், காரம் கூட்டலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்" என்று சொன்னால் அது ஓப்பன் சோர்ஸ். நாம் யாரும் அரைக்கப் போவதில்லைதான். ஆனால் சீட்டு ஊரெல்லாம் இருப்பதால், ஒரு கம்பெனி கடையை மூடிவிட்டாலும் பொடி கிடைத்துக் கொண்டே இருக்கும்.

"உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனே லினக்ஸ்தான், அதை இயக்குகிறீர்களே" என்று சிலர் வாதிடுவார்கள். ஆண்ட்ராய்டின் கெர்னல் லினக்ஸ் என்பது உண்மை. ஆனால் அதை வைத்து லினக்ஸ் கம்ப்யூட்டரும் எளிது என்பது சரியான வாதம் அல்ல. போனைத் தயாரித்த கம்பெனி எல்லாவற்றையும் பொருத்தி, சோதித்துக் கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் அந்தப் பொறுப்பில் ஒரு பகுதி நம் தலையில் விழுகிறது.

லினக்ஸ் பல தொகுப்புகளாகக் கிடைக்கிறது. டெபியன், உபுண்டு, பெடோரா, மின்ட் என நீளும் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் மட்டும்தான். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டு 2024ல் வெளியான மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராம் மட்டும் உள்ள பழைய லேப்டாப் என்றால் இதிலேயே எக்ஸ்.எப்.சி.இ. என்ற பதிப்பைத் தேர்ந்தெடுக்கவும். அது எடை குறைவானது. 32 பிட் சிப் உள்ள மிகப் பழைய கம்ப்யூட்டர்களுக்கு மின்ட் 22 கிடைக்காது.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

லினக்ஸ் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை உங்கள் படிப்போ, வயதோ முடிவு செய்வதில்லை. நீங்கள் கம்ப்யூட்டரில் செய்யும் வேலைதான் முடிவு செய்கிறது. எனவே ஒரு தாளை எடுத்து, ஒரு வாரத்திற்கு உங்கள் வீட்டில் யார் எந்த புரோகிராமைத் திறக்கிறார்கள் என்று எழுதி வாருங்கள். இணைக்கும் கருவிகளையும் எழுதுங்கள். இதைச் செய்யாமல் லினக்ஸ் பக்கம் போக வேண்டாம்.

இப்போது தாளைப் பார்ப்போம். ஜிமெயில், யூடியூப், பேங்க், ரயில் டிக்கெட், மின் கட்டணம், வாட்ஸ்அப் வெப், கூகுள் மீட் ஆகியவை அனைத்தும் பிரவுசரில் இயங்குபவை. பயர்பாக்ஸ் மின்ட் தொகுப்பிலேயே வருகிறது. குரோம் வேண்டுமானால் போட்டுக் கொள்ளலாம். விண்டோசில் எப்படியோ அப்படியே இங்கும். உங்கள் தாளில் முக்கால்வாசி இவைதான் என்றால் நீங்கள் ஏறக்குறைய லினக்ஸுக்குத் தயார். என் பெரியம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. அவருக்கு வேண்டியதெல்லாம் வெளிநாட்டில் உள்ள பேரனோடு வீடியோவில் பேசுவது, பழைய பாட்டுக் கேட்பது, பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்ப்பது. அவருடைய லேப்டாப்பில் மின்ட் போட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. அது விண்டோஸ் இல்லை என்பது அவருக்குத் தெரியும்; அதைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரம் இல்லை.

பாட்டு, சினிமா பைல்களுக்கு வி.எல்.சி. இருக்கிறது. கடிதம், கணக்கு அட்டவணை தயாரிக்க லிப்ரே ஆபீஸ் தொகுப்பு உண்டு. வேர்ட், எக்செல் பைல்களை இது திறக்கும், அந்த வடிவிலேயே சேமிக்கும். ஆனால் டேபிள்களும் படங்களும் நிறைந்த வேர்ட் பைல் இங்கு வரும்போது கொஞ்சம் இடம் பெயர்ந்து நிற்கலாம். கல்லூரிப் பிராஜக்ட் ரிப்போர்ட்டை நான்கு பேர் மாறி மாறி எடிட் செய்கிறார்கள், மற்ற மூவரிடம் எம்.எஸ். ஆபீஸ் என்றால் கடைசி நாளில் பக்க எண் முதற்கொண்டு மாறித் தொல்லை கொடுக்கும். அனுப்பினால் போதும், திருத்த வேண்டாம் என்ற பைல்களை பி.டி.எப். ஆக்கி அனுப்பவும். அதற்கான பட்டன் லிப்ரே ஆபீஸ் டூல்பாரிலேயே உள்ளது.

இனி ஒத்துவராத பக்கம். டாலி, போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் தாளில் இருந்து, அதனால் வீட்டுக்கு வருமானம் வருகிறது என்றால், அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோசை எடுக்கவே எடுக்காதீர்கள். இவை விண்டோசுக்காக எழுதப்பட்டவை. 'ஒயின்' என்ற புரோகிராம் மூலம் சில விண்டோஸ் சாப்ட்வேர்களை லினக்ஸில் ஓட்டலாம் என்பார்கள். ஆர்வத்துக்குச் செய்து பார்க்கலாம். பத்திரிகை அடிக்கக் காத்திருக்கும் கல்யாண வீட்டாருக்கு அதை நம்பித் தேதி கொடுக்க முடியாது. போட்டோஷாப்பிற்குப் பதில் கிம்ப் இருக்கிறதே என்றால், இருக்கிறது, நல்ல சாப்ட்வேர்தான். ஆனால் பத்து வருடம் போட்டோஷாப்பில் பழகிய கைக்கு அது வேறு சாப்ட்வேர். பிறந்த நாள் படத்தை வெட்டி ஒட்ட மட்டும் என்றால் தாராளமாகப் போதும்.

ஜி.எஸ்.டி., டெண்டர் வேலைகளுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிப் பயன்படுத்துபவர்கள், அந்த டோக்கன் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். கேம்ஸ் விஷயத்தில் ஸ்டீம் மூலம் 2018 முதல் ஏராளமான விண்டோஸ் கேம்ஸ் லினக்ஸில் ஓடுகின்றன. வீட்டில் பையன் விளையாடுவது வாலரன்ட் என்றால் அது ஓடாது. அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழில் டைப் செய்ய

நம் வாசகர்கள் அதிகம் தயங்கும் இடம் இது. தமிழ்ப் பக்கங்களைப் படிக்க எதுவும் செய்ய வேண்டியதில்லை. யூனிகோட் தமிழ் எழுத்துரு தொகுப்பிலேயே இருக்கிறது. டைப் செய்ய, சாப்ட்வேர் மேனேஜரைத் திறந்து ஐபஸ் மற்றும் அதற்கான எம்17என் என்ற இரண்டையும் தேடி இன்ஸ்டால் செய்திடவும். பின் மெனுவில் இன்புட் மெத்தட் பகுதிக்குச் சென்று ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வரவும். அடுத்து ஐபஸ் பிரிபரன்சஸ் விண்டோவில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99, தட்டச்சு முறை, ஒலிப்பு முறை எனப் பல இருக்கும். வேண்டியதைச் சேர்த்துக் கொள்ளவும். தமிழ்99 பழகியவர்கள் கீபோர்டு செட்டிங்ஸ் பகுதியில் உள்ள லேஅவுட்டைச் சேர்த்துவிட்டு "தானாகப் புள்ளி விழவில்லை" என்று குறைப்படுவதுண்டு. தானாகப் புள்ளி வைப்பது ஐபஸ் வழியாக வரும் தமிழ்99 மட்டுமே.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பைல்கள் உங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கலாம். அந்த எழுத்துருவின் பைலை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால் லிப்ரே ஆபீஸில் அவற்றைப் படிக்கலாம். ஆனால் என்.எச்.எம். ரைட்டர், ஸ்ரீலிபி ஆகியவை விண்டோஸ் சாப்ட்வேர்கள். அவற்றையே நம்பி டி.டி.பி. செய்பவர்கள் இருக்கும் இடத்திலேயே இருப்பது நல்லது.

பிரிண்டர், வைபி

எச்.பி. பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது. மின்ட் தானாகக் கண்டுபிடித்துக் கொள்ளும். சில லேசர் பிரிண்டர்கள் தமக்கென்று தனி மொழி வைத்திருப்பவை. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணப்படும் கேனன் எல்.பி.பி. 2900 அந்த ரகம். அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் அதைப் போட்டு முடிப்பது புதியவர் வேலை அல்ல. வைபியில் பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்களுக்கு டிரைவர் மேனேஜர் மூலம் தனியாக டிரைவர் போட வேண்டி வரலாம். அப்போது போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து டெதரிங் மூலம் நெட் கொடுத்துக் கொள்ளலாம்.

போடாமலே பார்க்கலாம்

மேலே சொன்னதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் எப்படி இருக்கும் என்பதை, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே பார்த்துவிடலாம். இதுதான் லினக்ஸின் பெரிய வசதி. மின்ட் இணைய தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. பைலை டவுன்லோட் செய்திடவும். ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்துக் கொள்ளவும். அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் காப்பி செய்து வைக்கவும். விண்டோசில் ரூபஸ் என்ற இலவச புரோகிராமை இயக்கி, பென் டிரைவையும் ஐ.எஸ்.ஓ. பைலையும் காட்டி ஸ்டார்ட் கிளிக் செய்திடவும். இடையில் எந்த முறை என்று கேட்டால், அதுவே பரிந்துரைக்கும் முதல் முறைக்கு ஓ.கே. கொடுக்கவும்.

இனி பென் டிரைவைச் செருகியபடியே கம்ப்யூட்டரை ஆப் செய்து, ஆன் செய்த உடன் டெல், லெனோவா என்றால் எப்12 கீயையும், எச்.பி. என்றால் எஸ்கேப் அழுத்திப் பின் எப்9 கீயையும் அழுத்தவும். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சிறிது நேரத்தில் மின்ட் டெஸ்க்டாப் வந்துவிடும். அதில் இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட் என்று ஒரு ஐகான் இருக்கும். அதன் பக்கம் போக வேண்டாம். வைபி கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா, மூடியை மூடித் திறந்தால் லேப்டாப் விழித்துக் கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து எடை போடாதீர்கள். ஷட் டவுன் செய்து பென் டிரைவை உருவிவிட்டால் உங்கள் விண்டோஸ் இருந்தபடியே இருக்கும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம்

இன்ஸ்டால் செய்வது என்று முடிவு செய்துவிட்டால், போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து, அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். பிறகுதான் மற்றது. விண்டோஸ் டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் உள்ள அதன் ரெகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக் கொள்ளவும். புதிய லேப்டாப்களில் நாம் கேட்காமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கக் கூடும். கீ இல்லாவிட்டால் நம் பைல் நமக்கே கிடைக்காது.

இன்ஸ்டால் செய்கையில் ஒரு கட்டத்தில், விண்டோசின் பக்கத்திலேயே போடவா, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடவா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் சி டிரைவ் மட்டும்தான் அழியும், டி டிரைவில் உள்ள கல்யாண ஆல்பம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சி, டி, ஈ என்பவை ஒரே டிஸ்க்கின் அறைகள். டிஸ்க்கை அழி என்றால் எல்லா அறைகளும் போய்விடும். தொடக்கத்தில் விண்டோசின் பக்கத்திலேயே போடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும்.

இரண்டும் சேர்ந்து இருக்கும்போது வரக்கூடிய இரு சின்னத் தொல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸிலிருந்து விண்டோசுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கலாம். பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக் கொள்கிறது. விண்டோசின் டேட் அண்ட் டைம் பகுதியில் சிங்க் கொடுத்தால் சரியாகும். அடுத்தது, லினக்ஸில் விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க முடியும், எழுத விடாது. விண்டோசில் பாஸ்ட் ஸ்டார்ட் அப் ஆன் செய்யப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை ஆப் செய்திடவும்.

வைரஸ் வராதா?

பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் பென் டிரைவில் ஏறி வரும் ஷார்ட்கட் வைரஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவை விண்டோசில் இயங்க எழுதப்பட்டவை என்பதால் மின்ட்டில் சும்மா கிடக்கும். அது மட்டுமல்ல, வைரஸ் மறைத்து வைத்த பைல்கள் இங்கே கண்ணுக்குத் தெரியும். புரோகிராம்களைக் கண்ட தளங்களில் தேடி டவுன்லோட் செய்யாமல் சாப்ட்வேர் மேனேஜரிலிருந்தே போடுவதும் பாதுகாப்பு. ஆனால் "உங்கள் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது" என்று வரும் போலி லிங்க்கில் பாஸ்வேர்டைக் கொடுத்தால் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் காப்பாற்றாது. யாரோ போனில் சொல்லச் சொல்ல டெர்மினலில் கட்டளைகளை டைப் செய்வதும் அதே வகைதான்.

கோளாறு என்றால் யாரிடம் போவது?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். உங்கள் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவருக்கு லினக்ஸ் தெரியாமல் இருக்கலாம். "இதை எடுத்துட்டு விண்டோஸ் போட்டுடலாம்" என்பார், போட்டும் விடுவார்.

சாப்ட்வேர் நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கேரளத்தில் அரசுப் பள்ளிகளுக்கு லினக்ஸ் கொடுத்ததோடு நிற்காமல், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், அதை வைத்தே பாடப்புத்தகமும், தேர்வும் நடத்தினார்கள். அங்கே பிள்ளைகளுக்கு லினக்ஸ் சாதாரணம். இங்கும் முயற்சிகள் நடந்தன. எல்காட் நிறுவனம் 2000களின் பிற்பகுதியில் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் 2007ல் வெளியானது. அரசு மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோசோடு அதையும் போட்டுத் தந்தார்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. பாஸ் மோசமாக இருந்தது என்பதால் அல்ல. அதில் என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை.

எனவே வீட்டிலோ, நண்பர்களிலோ, போன் செய்தால் எடுக்கக்கூடிய ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால், 2012 முதல் தமிழில் லினக்ஸ் பற்றி எழுதி வரும் கணியம் இதழின் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் ஆரம்பத்திற்குப் போதுமானவை. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மின்ட் தளத்திலேயே பதில்கள் குவிந்து கிடக்கின்றன. அதுவும் வேண்டாம், நேரமில்லை என்றால் விண்டோஸ் 11 ஓடும் லேப்டாப்பாகப் பார்த்து வாங்குவதில் தவறே இல்லை.

எந்த முடிவுக்கு வந்தாலும், சோதித்துப் பார்க்கத் தயாரித்த அந்த பென் டிரைவை அழித்துவிடாதீர்கள். என்றைக்காவது விண்டோஸ் பாதியிலேயே நின்று டெஸ்க்டாப் வராமல் போனால், அதைச் செருகி மின்ட்டில் நுழைந்து, பைல்ஸ் விண்டோவில் உங்கள் டிஸ்க்கைத் திறந்து போட்டோக்களை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி செய்து எடுத்துவிடலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால், எழுதி வைத்த ரெகவரி கீ அப்போது தேவைப்படும்.